மாடு படுத்திருக்கும் றோட்டில் தொடுதிரை: ஒரு ஹயர் சாரதியின் அனுபவம்

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டபிறகு, கிளிநொச்சியில் ஆக்கள் என்னிடம் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முந்தி "அண்ணை, லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பார்கள். இப்போது போனில் ஒரு படத்தைக் காட்டி, "ஸ்கிரீன் எவ்வளவு பெரிசெண்டு பாருங்கோ, இதை எடுக்கலாமோ?" என்கிறார்கள். அந்தப் படத்தில் டாஷ்போர்ட்டில் பட்டன் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. நடுவில் ஒரு பெரிய திரை, அவ்வளவுதான்.

நான் ஹயர் ஓடுகிறவன். சொந்தமாக இருப்பது ஒரு பழைய ஹையேஸ் வான். அதைவிட, சாரதி இல்லாத நேரங்களில் தெரிந்தவர்களின் கார்களையும், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வாடகைக்கு எடுக்கிற கார்களையும் ஓட்டிக் கொடுப்பேன். அதனால் விதவிதமான டாஷ்போர்ட்டுகளுக்கு முன்னால் இருந்து, இரவும் மழையும் புழுதியும் பார்த்தாயிற்று. என் முடிவு இதுதான்: ஓடும்போது தொடவேண்டி வருகிற எதுவும் கையால் தடவிக் கண்டுபிடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நிப்பாட்டிவிட்டுச் செய்கிற வேலைகளை எந்தத் திரைக்குள் வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.

நல்ல தெருவிளக்கும் நடைபாதையும் உள்ள ஊரில் ஓட்டுகிறவருக்கு இது வசதி சம்பந்தப்பட்ட கதை. வன்னியில் அப்படியில்லை. காலபோக விதைப்பு முடிந்தால் மாடுகளை வயலுக்குள் விட முடியாது. மேய்ச்சல் தரை இல்லாத ஊர்கள்தான் இங்கே அதிகம். மழைக்கு நிலமெல்லாம் ஊறிக் கிடக்கும். பட்டியில் அடைக்காத மாடுகள் இரவில் மேடாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கிற தார் றோட்டில் ஏறிப் படுத்துவிடும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு, லைற் இல்லாத பாதை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும், மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் போகிற வீதியிலும் ஐப்பசி தொடக்கம் தை வரை இதுதான் நிலைமை. நெடுங்கேணிப் பக்கம் யானையும் ஏறும். அறுவடை முடிந்தால் மாசி, பங்குனியில் றோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். அதைக் காலால் கிளறிக்கொண்டு ஒருவர் நிற்பார். கண்ணை எடுக்கக் கூடிய றோட்டு எங்களுக்கு வாய்க்கவில்லை.

கணக்குப் பார்த்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் போகும். இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 33 மீற்றரைப் பார்க்காமலே கடந்திருக்கிறீர்கள். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டியில், வாகனத் திரையில் ஒரு பார்வை 2 வினாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்காகப் பார்க்கிற மொத்த நேரம் 12 வினாடியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. மாடு படுத்திருக்கிற இடத்தில் அந்த இரண்டு வினாடியே எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

ஒரு மார்கழி விடியற்காலை நடந்ததைச் சொல்கிறேன். வான் கராச்சில் நின்றதால் தெரிந்தவர் ஒருவரின் புதுக் காரை எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்பில் ஒரு குடும்பத்தை ஏற்றினேன். வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக். வெள்ளனவே போய் நம்பர் எடுக்க வேண்டும். ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணிப் பாதையில் ஏற மழை கொட்டத் தொடங்கியது. உள்ளே ஐந்து பேர், எல்லாருடைய உடுப்பும் ஈரம், காலடியில் தண்ணீர் வடிகிற குடை. கொஞ்சத் தூரம் போகமுன்னமே முன் கண்ணாடியின் உள்பக்கம் கீழிருந்து மேலாக வெளுத்துக்கொண்டு வந்தது.

என் வானில் என்றால் இடது கை தானாகப் போகும். குமிழை வலப்பக்கம் கடைசிவரைக்கும் திருப்பினால் காற்று கண்ணாடிக்கு அடிக்கும், பக்கத்துப் பட்டனை அழுத்தினால் ஏசி, அவ்வளவுதான் வேலை. கடைசிவரை திருப்பிவிட்டோம் என்பதைக் குமிழே முட்டி நின்று விரலுக்குச் சொல்லும். இந்தக் காரிலோ திரையில் வழி காட்டுகிற வரைபடம் நின்றது. கீழ் மூலையில் ஒரு சின்ன விசிறிப் படம். அதைத் தொட ஏசிப் பக்கம் திறந்தது. அங்கே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். முன் கண்ணாடிக்கு உரிய படமும் பின் கண்ணாடிக்கு உரிய படமும் அடுத்தடுத்து: ஒன்றில் மேல்பக்கம் வளைந்த கோடு, மற்றதில் நேரான பெட்டி, இரண்டுக்குள்ளும் நெளிந்த மூன்று அம்புக்குறி. அந்த வளைவைத் தேடிக் கண் அங்கே நின்றால் றோட்டு இல்லை. சில்லு ஒரு குழியில் இறங்க விரல் வழுக்கிப் பக்கத்துப் படத்தில் பட்டது. திரும்பத் தொட்டேன், ஈர விரலுக்குத் திரை ஒன்றும் செய்யவில்லை.

முன் சீற்றில் இருந்த ஐயா, "தம்பி, நான் துடைச்சு விடட்டோ?" என்று கேட்டுத் தன் சால்வைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடம் உடனேயே திரும்ப வெளுத்தது. நான் வேகத்தைக் குறைத்து, ஹசாட் லைற்றை, அதாவது நாலு மூலையிலும் மின்னுகிற எச்சரிக்கை லைற்றைப் போட்டு, கரையில் ஒதுக்கி நிப்பாட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு விலத்திப் போனது. நிப்பாட்டியபிறகு சரியான படத்தைத் தொட்டு, கண்ணாடி முழுக்கத் தெளிந்தபின்தான் எடுத்தேன். அந்தக் காரில் எனக்கு உதவியது ஒரேயொரு சாமான்: ஹசாட்டுக்கென்று திரைக்குக் கீழே தனியாக இருந்த சிவப்பு முக்கோணப் பட்டன். அதை நான் பார்த்து அழுத்தவில்லை. கை போன இடத்தில் அது இருந்தது.

இந்த இடத்தில் கண்ணாடி வெளுப்பதைப்பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், பலருக்கு இது குழப்பம். வெளுப்பு உள்ளேயா வெளியேயா என்பதை அறிய வைப்பரை ஒருதரம் போட்டுப் பாருங்கள். துடைபட்டால் வெளியே, அப்படியே நின்றால் உள்ளே. உள்ளே என்றால் ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்கு விட்டு, உள் காற்றையே சுற்றவிடுகிற பட்டனை நிப்பாட்டி வெளிக் காற்றை எடுக்க வேண்டும். வெளியே வெளுத்தால் வைத்தியம் வேறு. ஏசி குளிர் கண்ணாடியில் அடித்து, வெளியில் இருக்கிற சூடான ஈரக் காற்று அதில் படிகிறது. வைப்பரைப் போட்டு, கண்ணாடிக்கு அடிக்கிற காற்றைத் திருப்பிவிட்டு, குளிரைக் குறைக்க வேண்டும். ஆகமொத்தம் ஏசி, காற்றின் திசை, வெளிக் காற்று, வைப்பர் என்ற நாலையும் ஓடும்போதே கையாள வேண்டி வரும். இந்த நாலும் எங்கே இருக்கின்றன என்பதுதான் ஒரு டாஷ்போர்ட்டில் நான் முதலில் தேடுவது.

ஈர விரல் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதைய திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கும். விரல் மின்சாரம் கடத்துவதால், அது கிட்ட வரும்போது அந்தப் புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத்தான் எந்த இடம் என்று கணக்கிடுகிறது. தண்ணீரும் அந்தப் புலத்தை மாற்றும். ஆகவே ஈரம் பட்டால் தொடாத இடம் தொட்டதாகவும், தொட்ட இடம் தொடாததாகவும் அது எடுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை, திரை முழுக்க ஒரே வழவழப்பு. விரலுக்கு அடையாளம் சொல்ல விளிம்பும் இல்லை, குழியும் இல்லை. இரவில் கறண்ட் போனால் எங்கள் வீட்டுச் சுவரில் நெருப்புப் பெட்டி இருக்கிற தட்டைக் கை தானாகக் கண்டுபிடிப்பது போலத்தான், நெடுகப் பழகிய வாகனத்தில் கை வேலை செய்கிறது. தட்டை நாளுக்கொரு இடத்தில் மாற்றி வைத்தால் கைக்கு எப்படித் தெரியும்? மென்பொருளைப் புதுப்பித்தால் சில கார்களில் படங்கள் இடம் மாறியும் விடும்.

இது பழைய வாகனம் பழகியவனின் பிடிவாதம் என்று சில பெடியள் சொல்வார்கள். 2022 இல் சுவீடனில் 'வி பீலேகரே' என்ற வாகனச் சஞ்சிகை இதை அளந்து பார்த்தது. 11 புதிய கார்கள், அவற்றோடு 2005 ஆம் ஆண்டு வொல்வோ வி70 ஒன்று. சாரதிகளுக்கு முதலில் அந்தந்தக் காரோடு பழக நேரம் கொடுத்தார்கள். பிறகு மணிக்கு 110 கிலோமீற்றரில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையைக் கூட்டுவது, கண்ணாடி தெளியவைப்பது, றேடியோ ஸ்ரேசன் மாற்றுவது, திரை வெளிச்சத்தைக் குறைப்பது போன்ற வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன் வைத்த பழைய வொல்வோவில் எல்லாம் 10 வினாடியில், 306 மீற்றருக்குள் முடிந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வல் ஆர் காரில் 44.9 வினாடி, அதற்குள் கார் 1,372 மீற்றர் போயிருந்தது. எங்கள் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் கிலோமீற்றருக்கு மேல், அரைக் கண்ணோடு.

ஜேர்மனியில் இன்னொன்று நடந்தது. மழைக்குள் ஓடிக்கொண்டு, வைப்பர் வேகத்தை மாற்றுவதற்காகத் திரையைப் பார்த்த ஒரு டெஸ்லா சாரதி றோட்டை விட்டு விலகி மரங்களில் மோதினார். திரையும் போனைப் போன்ற ஒரு மின்னணுச் சாதனம்தான் என்று 2020 இல் கார்ல்ஸ்ரூஹ மேல்நீதிமன்றம் சொல்லி, அவருக்கு விதித்த 200 யூரோ தண்டத்தையும் ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. வைப்பர் என்பது மழை பெய்யும்போது தேடுகிற சாமான். பெய்யாத நேரத்தில் அது யாருக்கு வேண்டும்? அதைப் போய்த் திரைக்குள் வைத்த ஆட்கள் எங்கள் மாரிமழையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நல்ல காலம், கம்பனிகள் திரும்பி வருகின்றன. எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் நிற்கிற முதல் தலைமுறை ஹொண்டா வெசலில் ஏசிப் பகுதி பளபளப்பான கறுப்புத் தொடுபலகை, பலருக்குத் தெரிந்திருக்கும். அதே ஹொண்டா 2020 இல் புதிய ஜாஸ், அதாவது ஜப்பானில் ஃபிட் என்று ஓடுவது, வந்தபோது ஏசிக்குத் திரும்பக் குமிழ் வைத்தது. தொடுமுறை பார்க்காமல் இயக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னதுதான் காரணம் என்று அந்தக் காரை வடிவமைத்த பொறுப்பாளரே சொன்னார். ஃபொக்ஸ்வாகனும் 2025 இல், ஒலி, இரண்டு பக்க வெப்பநிலை, விசிறி, ஹசாட் ஆகியவற்றுக்கு இனி வரும் கார்களில் கையால் அழுத்துகிற பட்டன் வைப்பதாக அறிவித்தது. ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு, 2026 இலிருந்து சிக்னல், ஹசாட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் திரைக்கு வெளியே கையால் இயக்குகிற தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முழுப் புள்ளி கிடையாது என்கிறது. இலங்கைக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் அந்த ஐந்தையும் கையில் எழுதிக்கொண்டுபோய்க் கார் பார்க்கலாம், செலவில்லாத சோதனை.

திரைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பின் கமராவுக்காக நான் திரையை விரும்புகிறேன். எங்கள் வளவுகளில் பின்னுக்கு எடுக்கும்போது பிள்ளை நிற்கும், கோழி நிற்கும், கிணற்றுக் கட்டு இருக்கும். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் பின் கமரா கட்டாயம், அந்தச் சட்டம் சரியானது. வரைபடமும் திரையில்தான் வடிவாகத் தெரியும். கம்பனிகளுக்கு வேறு கணக்கும் உண்டு: எப்படியும் ஒரு திரை வைக்க வேண்டியிருக்கும்போது, ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, தனி வயர், தனிப் பொருத்தல் என்று செலவழிக்காமல் எல்லாவற்றையும் அதற்குள் போட்டால் மலிவு. பெரிய திரையைப் பார்த்து ஆடம்பரம் என்று காசு கொடுக்கிற நாங்கள், சில வேளை மிச்சம் பிடித்த செலவுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

வெயில் இன்னொரு தொல்லை. பின்னேரம் மாங்குளத்திலிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது சூரியன் பின்கண்ணாடியால் நேராகத் திரையில் விழும். விரல் அடையாளமும் புழுதியும்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. இரவில் அதற்கு எதிர்மாறு: வெளிச்சம் கூடிய திரை கண்ணைக் கூசவைத்து, தூரத்தில் படுத்திருக்கிற மாட்டை மறைத்துவிடும். இரவு ஓட்டத்துக்கு முதல் திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். லைற் போட்டால் தானாகக் குறைகிற கார்களிலும் இன்னும் குறைக்கலாம். முழுவதும் அணைக்க வழி இருந்தால் அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து பாவித்து வருகிற கார்களில் திரை ஜப்பான் எழுத்தில் இருக்கும். மொழி மாற்றலாமா என்று வாங்கமுன் கேளுங்கள், பல செட்டுகளில் (திரையும் றேடியோவும் ஒன்றாக உள்ள பெட்டிகளில்) முடியாது. ஜப்பான் எஃப்எம் 76 இலிருந்து 95 மெகாஹேர்ட்ஸ் வரை, பழைய செட் என்றால் 90 வரைதான். எங்கள் ஸ்ரேசன்கள் 108 வரை பரந்து கிடப்பதால் பாதி எடுக்காது. பற்றறி கழற்றினால் கோட் கேட்டுப் பூட்டிக்கொள்கிற செட்டுகளும், உள்ளே இருக்கிற எஸ்டி மெமறிக் காட்டை எடுத்தால் எழும்பாத செட்டுகளும் உண்டு. அந்தக் காட்டை எடுத்துப் பாட்டுப் போடுகிறேன் என்று பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செட் பூட்டினாலும் ஏசி தனிக் குமிழில் இருந்தால் பயணம் நடக்கும். எல்லாம் ஒரே திரைக்குள் என்றால் திரை போக எல்லாம் போகும். டெஸ்லா 2021 இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 135,000 கார்களைத் திருப்பி அழைத்தது இப்படியான சிக்கலுக்குத்தான்: உள்ளே இருந்த நினைவகச் சிப் தேய்ந்து, திரையோடு பின் கமராவும் கண்ணாடி தெளியவைக்கிற கட்டுப்பாடும் போயின. அங்கே என்றால் கம்பனி மாற்றிக் கொடுக்கும். மல்லாவியிலோ மடுவிலோ திரை போனால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் செய்து காட்டுவது இது. காரை ஓட்டமுன் நிழலில் நிப்பாட்டி, சாரதி சீற்றில் இருந்து ஐந்து நிமிசம் கைகளால் எல்லாம் பழகுங்கள். பிறகு முன்னால் ஒரு மரத்தையோ மதிலையோ பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்லச் சொல்லுங்கள்: "விசிறியைக் கூட்டுங்கோ, முன் கண்ணாடிக்குக் காத்தைத் திருப்புங்கோ, ஹசாட் போடுங்கோ, றேடியோவைக் குறையுங்கோ, வைப்பரை வேகமாக்குங்கோ." கண் மரத்தை விட்டு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லட்டும். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்துத் திரையைத் தொடுங்கள். காரை வெயிலில் திருப்பி நிப்பாட்டித் திரை வாசிக்கத் தெரிகிறதா பாருங்கள். எஞ்சினை நிப்பாட்டித் திரும்ப எடுத்து, உடனே பின் கியர் போட்டால் கமரா எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். சில திரைகள் எழும்பமுன் நாங்கள் வளவைக் கடந்துவிடுவோம். மனைவியோ அப்பாவோ ஓட்டப்போகிறார் என்றால் அவரைக் கொண்டுபோய் இருத்துங்கள். ஷோறூம் பெடியன் செய்து காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அவன் முழு நாளும் அந்தத் திரையோடுதான் இருக்கிறான்.

ஏற்கெனவே திரைக் கார் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏசியை ஓட்டோவில், அதாவது தானாக இயங்குகிற முறையில் போட்டு 24 அல்லது 25 இல் விட்டுவிடுங்கள், வைப்பரும் ஓட்டோ இருந்தால் அப்படியே. ஸ்ரேரிங்கில் இருக்கிற பட்டன்களில் எதை என்னவாக மாற்றலாம் என்று ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். முன் கண்ணாடி தெளியவைப்பதை அங்கே கொண்டுவர முடிந்தால் அதுவே பெரிய இலாபம். ஓடும்போது தொடத்தான் வேண்டுமென்றால் பெருவிரலைத் திரையின் விளிம்பில் ஊன்றி, மற்ற விரலால் தொடுங்கள். குழியில் கை ஆடாது. முன் சீற்றில் இருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள். ஏ9 இல் ஓடுகிற எங்களுக்கு முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிப்பாட்டாமல் போகிற வழக்கம் இல்லை. கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஏறுகிற அந்த இடத்திலேயே பாட்டு, வரைபடம், குளிர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக, பழைய காருக்குப் பெரிய அன்ட்ரொயிட் செட் போடுகிறவர்களுக்கு. கடைக்காரர் ஒன்பது, பத்து அங்குலச் செட்டைக் காட்டுவார். அதன் சட்டகம் சில கார்களில் ஹசாட் பட்டனை மறைக்கும், அல்லது கழற்றிக் கீழே எங்கேயாவது வைக்கச் சொல்லும். ஏசிக் குமிழ்களுக்கு மேல் விளிம்பு நீட்டிக்கொண்டு வந்து விரல் நுழையாமலும் பண்ணும். காசு கொடுக்கமுன் சட்டகத்தை மட்டும் டாஷ்போர்ட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹசாட்டும் ஏசியும் முந்தி இருந்த இடத்திலேயே, கை போகிற மாதிரி நின்றால் போடுங்கள். இல்லையென்றால் சின்னச் செட் எடுங்கள், அல்லது பழையதையே விட்டுவிட்டு அந்தக் காசுக்கு நல்ல வைப்பர் றப்பரும் ஹெட் லைற்றும் மாற்றுங்கள்.